ஈடு பிறந்த கதை

ஒரு பாசுரத்துக்குப் பொருள் சொல்வதில் வந்த மனத்தாங்கலால் ஸ்ரீரங்கத்தில் ஒரு பாடம் பாதியில் நின்றது. பாடம் சொன்னவர் திருமாலையாண்டான். கேட்டுக்கொண்டிருந்தவர் ராமாநுஜர். ராமாநுஜர் வந்து சேர்வதற்குள் மூத்த ஆசிரியர் ஆளவந்தார் மறைந்துவிட்டார். அவரிடம் கற்ற ஐந்து பேர் ஆளுக்கொரு பகுதியாக ராமாநுஜருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நம்மாழ்வாரின் திருவாய்மொழி ஆண்டானின் பங்குக்கு வந்தது.

இரண்டாம் பத்தில் மூன்றாம் திருவாய்மொழியின் மூன்றாவது பாசுரத்தில் சிக்கல் எழுந்தது. ஒன்றும் அறியாத பருவத்திலேயே உனக்கு அடிமை செய்யும் ஆசையை எனக்குள் உண்டாக்கினாய் என்று முதல் அடியில் ஆழ்வார் சொல்கிறார். அறிவை மயக்கும் பெரிய மாயையில் அடியேனை வைத்தாயே என்பது இரண்டாம் அடி. மாவலியிடம் குறளனாய் வந்து மண் கேட்ட கதை அடுத்து வருகிறது. ஆளவந்தாரிடம் கேட்டபடியே ஆண்டான் இதற்குப் பொருள் சொன்னார். ஆசையையும் கொடுத்து, அந்த ஆசை பலிக்காத உடம்பிலும் வைத்துவிட்டாயே என்று ஆழ்வார் நொந்துகொள்கிறார் என்பது அந்தப் பொருள். அடிகள் கிடக்கும் வரிசையில் படித்தால் அப்படித்தான் தோன்றும்.

ராமாநுஜர் ஒப்பவில்லை. முன்னும் பின்னும் உள்ள பாசுரங்களைப் பாருங்கள், இந்தப் பதிகம் முழுக்க ஆழ்வார் இறைவனோடு கலந்த ஆனந்தத்தில் பேசுகிறார், நடுவில் மட்டும் எப்படிப் புலம்புவார் என்பது அவருடைய கேள்வி. இரண்டாம் அடியை முதல் அடிக்கு முன்னால் கொண்டுகூட்டினார். மாயையில் நான் கிடந்த, ஒன்றும் அறியாத அந்தக் காலத்திலேயே எனக்குள் அன்பை விளைவித்தாயே! பாசுரத்தில் ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. புலம்பல் நன்றியாக மாறிவிட்டது.

ஆண்டானுக்கு வருத்தம். ஆளவந்தாரிடம் தாம் கேளாத பொருள் இது, விசுவாமித்திரர் படைத்த உலகம் போன்ற புதுப்படைப்பு என்று சொல்லிப் பாடத்தை நிறுத்திவிட்டார். செய்தி அந்த ஐவரில் ஒருவரான திருக்கோட்டியூர் நம்பிக்குப் போனது. நம்பி வந்து விசாரித்தார். இதே பொருளை ஆளவந்தார் சொல்லித் தாம் கேட்டிருப்பதாகச் சொன்னார். சாந்தீபனியிடம் கண்ணன் படித்ததுபோல்தான் இவர் உம்மிடம் படிக்கிறார் என்று ஆண்டானைத் தேற்றிப் பாடத்தைத் தொடரவைத்தார். பின்னொரு நாள் வேறொரு இடத்தில், ஆளவந்தார் இப்படிச் சொல்லியிருக்கமாட்டார் என்றார் ராமாநுஜர். நீர்தான் அவரைக் கண்டதே இல்லையே என்று ஆண்டான் கேட்டார். ஆளவந்தாருக்கு அடியேன் ஏகலவ்யன் என்று பதில் வந்தது.

சமய நூலுக்குப் பொருள் காண்பதில் உள்ள பெரிய கேள்விகள் எல்லாம் இந்தச் சிறு பூசலுக்குள் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. பெரியவர்களிடம் கேட்டதுதான் பொருளா? பாசுரம் நிற்கும் இடம் சொல்வதுதான் பொருளா? இரண்டும் மோதினால் எதை விடுவது? வைணவ ஆசிரியர்கள் ஒன்றையும் விடவில்லை. ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து எழுதப்பட்ட ஈடு என்ற திருவாய்மொழி உரையில் ஆண்டான் சொன்ன பொருளும் இருக்கிறது, எம்பெருமானார் என்று அது குறிக்கும் ராமாநுஜர் சொன்ன பொருளும் இருக்கிறது. யார் சொன்னது எது என்று பெயரோடு இருக்கிறது.

திருவாய்மொழியில் 1102 பாசுரங்கள். அவற்றுக்கு எழுந்த ஈட்டின் அளவு 36,000 படி. ஒற்று நீக்கி எண்ணிய 32 எழுத்து ஒரு படி. ஆக 11 லட்சத்து 52 ஆயிரம் எழுத்து. இவ்வளவும் பனையோலையில், எழுத்தாணியால், ஒருவர் கையால் எழுதப்பட்டது. எழுதியவர் தம்முடையது என்று அதில் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை. தம் ஆசிரியர் வாயால் கேட்டதையே எழுதினார்.

அந்த இடத்துக்கு வந்து சேரப் பல தலைமுறை ஆயிற்று. நாதமுனிகள் காலம் தொட்டு ராமாநுஜர் காலம் வரை ஆழ்வார் பாசுரங்களுக்குப் பொருள் வாய்வழியாகத்தான் வந்தது. எழுதும் வேலையை ராமாநுஜரே தொடங்கியிருக்கலாம். பிரம்ம சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யம் எழுதிய கை அது. ஆனால் திருவாய்மொழிக்கு எழுத அவர் முன்வரவில்லை. தாம் எழுதினால் ஆழ்வாரின் பொருள் இவ்வளவுதான் என்று பின்னால் வருபவர்கள் எல்லை கட்டிவிடுவார்கள் என்று அவர் தயங்கியதாக மரபு சொல்கிறது. இந்த ஒரு தயக்கத்துக்காகவே அவரை நான் கும்பிடுவேன். வேதாந்தத்துக்கு முடிவான உரை எழுதிய மனிதர், தமிழுக்கு முடிவு கட்ட மனம் இல்லாமல் இருந்திருக்கிறார்.

அந்தப் பணி திருக்குருகைப்பிரான் பிள்ளானிடம் போனது. ராமாநுஜரின் தாய்மாமன் பெரிய திருமலை நம்பியின் பிள்ளை இவர். ராமாநுஜர் இவரைத் தம் ஞானபுத்திரராகக் கொண்டார். பிள்ளான் எழுதியது ஆறாயிரப்படி. விஷ்ணு புராணத்தின் அளவு என்பார்கள். தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடை. பாசுரத்தின் திரண்ட கருத்தைச் சொல்லிவிட்டு நகரும் சுருக்கமான உரை. ஆழ்வாரின் தமிழுக்கு எழுத்தில் வந்த முதல் உரை இதுவே.

அடுத்தது ஒன்பதினாயிரப்படி. எழுதியவர் நஞ்சீயர். மேல்கோட்டைப் பக்கத்தில் அத்வைத வேதாந்தியாகப் பேர் பெற்றிருந்தவர். கூரத்தாழ்வான் மகன் பராசர பட்டர் தேடிப்போய் வாதில் வென்று மாணாக்கர் ஆக்கிக்கொண்டார். பின்னர் துறவு பூண்டு ஸ்ரீரங்கம் வந்து, பட்டரிடம் கேட்ட பொருளை ஓலையில் எழுதினார். எழுதி முடித்ததும் நல்ல கையெழுத்தில் ஒரு படி வேண்டியிருந்தது. நம்பூர் வரதராசர் என்ற இளைஞரைக் காட்டினார்கள். எழுதக் கொடுக்கும் முன் நஞ்சீயர் ஒரு காரியம் செய்தார். உரை முழுவதையும் ஒரு முறை வரதராசருக்குச் சொல்லிக்காட்டினார். பொருள் தெரியாத கை படி எடுக்கக்கூடாது என்பது அவர் எண்ணமாக இருக்கவேண்டும்.

வரதராசர் சுவடியை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். காவிரியில் வெள்ளம். சுவடிக்கட்டைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்தியபோது அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒன்பதினாயிரம் படியும் ஆற்றோடு போயின. வேறு பிரதி கிடையாது. வீடு சேர்ந்தவர் காதில் நின்றதைக் கொண்டு முழு உரையையும் புதிதாக எழுதினார். எழுதும்போது தமக்குத் தோன்றிய நயங்கள் சிலவற்றையும் ஆங்காங்கே சேர்த்தார். நஞ்சீயர் வாங்கிப் படித்தார். தாம் எழுதாதது இதில் இருக்கிறதே என்று கேட்டார். வரதராசர் நடந்ததைச் சொன்னார். ஆசிரியர் அவரைக் கட்டிக்கொண்டு, நம்முடைய பிள்ளை என்று பேரிட்டார். அன்று முதல் அவர் நம்பிள்ளை.

குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை இது. ஆண்டானுக்கும் நஞ்சீயருக்கும் நடுவில் மனம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை இதில் பார்க்கிறேன். தாம் கேளாத பொருளை மாணவர் சொன்னார் என்று ஒருவர் பாடத்தை நிறுத்தினார். தாம் எழுதாத பொருளை மாணவர் சேர்த்தார் என்று இன்னொருவர் பேரிட்டு மகிழ்ந்தார். அதற்குள் இடைவெளி இரண்டு தலைமுறைதான்.

நம்பிள்ளை காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், ஸ்ரீரங்கத்தில் திருவாய்மொழிப் பேருரை ஒரு திருவிழாவே ஆகியிருந்தது. கலைந்து வரும் கூட்டத்தைப் பார்த்தால் கோயிலில் நம்பெருமாளைச் சேவித்து வருகிறார்களா, நம்பிள்ளையைக் கேட்டு வருகிறார்களா என்று சொல்லமுடியாதாம். பெருமாளே சிலை வடிவான அர்ச்சை நிலை கடந்து எழுந்து வந்து கேட்டதாகவும், விளக்கேற்றும் திருவிளக்குப் பிச்சன் அவரைத் திரும்பப் போகச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. எவ்வளவு பிரியம் இருந்தால் ஓர் ஊர் இப்படி ஒரு கதையைப் பேணியிருக்கும்! வேதாந்த வாதம் தெரிந்தவர்கள் மட்டும் உட்கார்ந்து கேட்ட சபையாக அது இருந்திருக்க முடியாது. ஈட்டின் நடையே அதற்குச் சாட்சி. வடமொழி மேற்கோள் வரிசையாக வந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று வீட்டுப் பேச்சு வரும், கேள்வி வரும், உடனே பதில் வரும். முன்னே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசிய நடை அது.

அந்தக் கோஷ்டியில் இரண்டு மாணாக்கர்கள் முக்கியம். ஒருவர் சேங்கனூரிலிருந்து வந்த பெரியவாச்சான் பிள்ளை. நாலாயிரம் முழுமைக்கும் உரை கண்டு வியாக்கியானச் சக்கரவர்த்தி எனப் பேர் பெற்றவர். திருவாய்மொழிக்கு எழுதும்படி நம்பிள்ளை பணித்தது இவரைத்தான். ராமாயணத்தின் அளவாக 24,000 படியில் ஓர் உரை எழுதினார். மற்றவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. எழுது என்று இவரை யாரும் பணிக்கவில்லை. பகலெல்லாம் ஆசிரியர் சொல்வதைக் கேட்பார். இரவு வீட்டுக்குப் போய், கேட்டது காதை விட்டு நீங்குவதற்குள் விளக்கு வெளிச்சத்தில் ஓலையில் எழுதுவார். மறுநாள் மீண்டும் கோஷ்டி, மீண்டும் இரவு. இப்படி 1102 பாசுரங்களுக்கும் எழுதி முடித்தார். அந்தச் சுவடிதான் ஈடு. அளவில் அதை ஸ்ரீபாஷ்யத்தின் உரையான சுருதப்பிரகாசிகைக்கு நிகராகச் சொல்வது பின்னால் வந்தவர்களின் வழக்கம்.

எழுதியது ஒரு நாள் நம்பிள்ளைக்குத் தெரியவந்தது. சுவடியை வாங்கிப் பார்த்தார். தாம் சொன்னது ஒன்று விடாமல் அதில் இருந்தது. பாராட்டினாரா என்றால் இல்லை. என் அனுமதி இல்லாமல் எப்படி எழுதினீர் என்று கேட்டு, சுவடியைத் தாமே வைத்துக்கொண்டார். பிறகு வேண்டிக்கொண்ட ஈயுண்ணி மாதவர் என்ற மாணாக்கருக்குக் கொடுத்தார். ஓர் ஆசிரியர் ஒரு மாணாக்கர் என்ற ஓராண் வழியிலேயே அது போகவேண்டும் என்பது நிபந்தனை.

இந்த இடத்தில் எனக்கு வருத்தம் உண்டு. திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி ராமாநுஜர் ரகசியத்தை எல்லாருக்கும் சொன்னார் என்று பெருமைப்படும் அதே மரபு, தன் பெரிய உரையை நான்கைந்து தலைமுறை பெட்டிக்குள் வைத்திருந்தது. நம்பிள்ளை தரப்பில் சொல்வதற்கும் நியாயம் இருக்கிறது. வாயால் சொல்லும்போது ஆசிரியர் எதிரில் இருக்கிறார். புரியாததைக் கேட்கலாம், தவறாகப் புரிந்தால் திருத்துவார். ஓலைக்கு அது முடியாது. அப்படியும் பெரியவாச்சான் பிள்ளையின் உரைக்கு இந்தக் காவல் போடவில்லையே என்று மனம் கேட்கிறது. அனுமதி கேட்டு எழுதியது வெளியே போயிற்று. அன்பு தாங்காமல் எழுதியது உள்ளே போயிற்று. வடக்குத் திருவீதிப் பிள்ளை இதற்காகக் குறை சொன்னதாக எங்கும் இல்லை. ஆசிரியரின் இன்னொரு பெயரான லோகாசாரியர் என்பதையே தம் மகனுக்கு வைத்தார். அந்த மகன்தான் பிள்ளை லோகாசாரியர்.

சுவடி மாதவரிடமிருந்து அவர் மகன் பத்மநாபருக்கும், அவரிடமிருந்து காஞ்சிபுரத்தில் நாலூர்ப் பிள்ளைக்கும் போனது. இதற்கிடையில் 1323இல் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியது. நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே போன கூட்டத்தில் முதியவரான பிள்ளை லோகாசாரியர் இருந்தார். மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடியில் உயிர் விட்டார். பெருமாள் திரும்பி ஸ்ரீரங்கம் வர 1371 ஆயிற்று. லோகாசாரியரின் தகப்பனார் எழுதிய ஈடு அந்தக் கலவரக் காலத்தில் ஸ்ரீரங்கத்தில் இல்லை. காஞ்சி வழியில் நெஞ்சிலும் ஓலையிலுமாகப் பத்திரமாக இருந்தது. காவலைப் போட்டவருக்கு இதில் பெருமை சேர்க்க நான் தயாரில்லை. நடக்கப்போவது அவருக்குத் தெரியாது. அந்த ஓராண் வழியில் நின்று, ஒருவர் விடாமல் பாடம் கேட்டுப் பாடம் சொன்னவர்களுக்கே அந்தப் பெருமை.

நாலூர்ப் பிள்ளையின் மகன் நாலூராச்சான் பிள்ளையிடம் ஈடு கேட்டவர்களில் ஒருவர் திருவாய்மொழிப் பிள்ளை. ஆழ்வார்திருநகரியில் காடு மண்டிக் கிடந்த நம்மாழ்வார் கோயிலைச் சீர்திருத்திக் குடியமர்த்தியவர் என்று இவரைச் சொல்வார்கள். அதே ஊரில் 1370இல் பிறந்த மணவாள மாமுனிகள் இவரிடம் ஈடு கேட்டார். இனி ஓராண் வழி கிடையாது, ஸ்ரீரங்கத்துக்குப் போய் எல்லாருக்கும் சொல் என்பது ஆசிரியரின் கட்டளை.

மாமுனிகள் வெறும் சொற்பொழிவாளர் அல்லர். ஈட்டில் வரும் மேற்கோள்கள் எந்த நூலில் எங்கே உள்ளன என்று தேடித் தொகுத்தார். நூறு திருவாய்மொழிகளுக்கும் ஈடு சொல்லும் சாரத்தை நூறு வெண்பாக்களில் பிழிந்து திருவாய்மொழி நூற்றந்தாதி பாடினார். அவருக்கு ஈட்டுப் பெருக்கர் என்றே ஒரு பெயர் உண்டு. இவர் செய்த இன்னொரு பணி என்னை மிகவும் கவர்ந்தது. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய உரையில் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. விட்டுப்போன இடத்துக்கு மட்டும் மாமுனிகள் உரை எழுதினார். மிஞ்சிய ஓலை எங்கே தொடங்குகிறதோ அங்கே நிறுத்திக்கொண்டார். முழுவதையும் தம் உரையாக எழுதும் புலமை அவருக்கு இருந்தது. பழைய ஆசிரியரின் ஒரு வரி மிஞ்சியிருந்தாலும் அதற்கு மேல் தம் வரியை வைக்கமாட்டேன் என்ற கட்டுப்பாடும் இருந்தது.

1430களில் ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் முன்னிலையில் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் மாமுனிகள் ஈட்டைச் சொன்னார். பெருமாளின் உற்சவங்களையெல்லாம் நிறுத்தி வைத்துக் கேட்டார்கள் என்பார்கள். ஆனித் திருமூலத்தன்று நிறைவுச் சாற்றுமுறை நடந்தது. ஒரு சிறுவன் வந்து மாமுனிகள்மேல் தனியன் என்னும் துதிப் பாட்டைச் சொல்லி மறைந்தான், அவன் பெருமாளே என்பது நம்பிக்கை. அந்தத் தனியனைச் சொல்லித்தான் தென்கலைக் கோயில்களில் இன்றும் பாசுரம் ஓதும் சேவாகாலம் தொடங்குகிறது.

இனி ஈட்டை ஒரு முறை பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல் பத்தின் நான்காம் திருவாய்மொழியில் ஆழ்வார் திடீரென்று பெண்ணாகிப் பறவைகளைத் தூது விடுகிறார். நாரையை, மகன்றிலை, குயிலை அழைத்து என் நிலையை அவனிடம் சொல்லுங்கள் என்கிறார். வெறுமனே படித்தால் அகத்துறைப் பாடல். ஈடு மூன்று படி ஏறுகிறது. இது ஏன் இங்கே வந்தது என்று முதலில் கேட்கிறது. முந்தின திருவாய்மொழியில் வெண்ணெய் திருடி உரலோடு கட்டுண்ட கண்ணனை நினைத்து ஆழ்வார் ஆறு மாதம் மயங்கிக் கிடந்தார் என்பது மரபு. தெளிந்ததும் மனத்தாலும் வாக்காலும் உடம்பாலும் அவனை அனுபவிக்க ஆசைப்பட்டார். உடனே கிட்டவில்லை. கிட்டாத துயரம் பெண் பேச்சாக வந்தது. இதைத்தான் சங்கதி என்பார்கள். அடுத்து, எதை நம்பித் தூது விடுகிறார்? குற்றம் பார்த்துத்தான் அவன் வரவில்லை, பிழை பொறுக்கும் குணமும் அவனுக்கு உண்டு, அதை நினைவூட்டினால் வருவான் என்ற நம்பிக்கை. பிறகு, பறவைகள் யார்? ஆசாரியர்கள். ஞானமும் ஒழுக்கமும் அவர்களுக்கு இரண்டு சிறகுகள், ஒன்று இல்லாவிட்டால் பறக்க முடியாது.

மூன்றாவது படி மட்டும் தனியாக நின்றால், கவிதையை உருவகமாக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்கு வருபவர்களோடு நானும் சேர்ந்துகொள்வேன். ஈடு அப்படி விடவில்லை. பறவை ஆசாரியர் ஆன பிறகும் பறவையாகவே நிற்கிறது. அதன் சேவல் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துப் பிரிவில் வாடும் பெண்ணின் நெஞ்சு படும் பாட்டை ஈடு விட்டுக்கொடுப்பதே இல்லை. தத்துவம் தெரிந்தவர்கள் எழுதிய உரை இது என்பதைவிட, பாட்டைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் எழுதிய உரை என்றே சொல்வேன். ஒரு பாசுரத்தை எடுத்துக்கொண்டு, ஆளவந்தார் இப்படி, எம்பெருமானார் இப்படி, பட்டர் இப்படி, நஞ்சீயர் இப்படி என்று நிர்வாகங்களை, அதாவது அவரவர் கண்ட பொருள்களை, அடுக்கும்போதும் முந்தியது தவறு என்று அது தள்ளுவது அபூர்வம். ஆளவந்தார் தம் கையால் திருவாய்மொழிக்கு உரை எழுதவில்லை. அவர் சொன்ன பொருள் நமக்குக் கிடைப்பதற்கு வடக்குத் திருவீதிப் பிள்ளையின் இரவு விளக்கும் ஒரு காரணம்.

ஈட்டை இன்றும் காலக்ஷேபமாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீகோசத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் ஒரு வரி படித்துப் பொருள் சொல்ல, கேட்பவர்கள் தங்கள் பிரதியில் விரல் வைத்துத் தொடர்வார்கள். மணிப்பிரவாளம் பழகாதவர்களுக்கு 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பெரிய உதவி கிடைத்தது. பேராசிரியர் பு. ரா. புருஷோத்தம நாயுடு ஈடு முழுவதையும் நல்ல தமிழில் எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகம் பத்துக்கு ஒன்றாகப் பத்துத் தொகுதிகளில் வெளியிட்டது. ஈட்டை மடத்துக்கும் கோஷ்டிக்கும் வெளியே கொண்டுவந்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. எந்தச் சமயத்தவரும் எந்தச் சமயமும் இல்லாதவரும் அதைக் கையில் எடுக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் தொகுதியின் தொடக்கத்தில் உள்ள நீண்ட மூன்று முன்னுரைகளில் மாட்டிக்கொள்ள வேண்டாம். அவற்றுக்கு வேதாந்தப் பழக்கம் வேண்டும். நேரே முதல் பத்தின் மூன்றாம் திருவாய்மொழிக்குப் போய், கண்ணன் கட்டுண்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கலாம். பாசுரத்தை வாய்விட்டு இரண்டு முறை சொல்லிவிட்டு உரைக்குள் போனால் போதும், நம்பிள்ளையின் குரல் பிடிபட்டுவிடும்.